மூத்தவள் கேட்ட கேள்வி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவளை எனக்குப் பிடிக்காது. அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க வந்தவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். துணிச்சல்காரி, நேர்மையானவள் என்று புகழ்வதற்கென்றே ஒரு கூட்டம் இப்போது கிளம்பியிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட அவளுக்காகத் தொண்டை கிழியக் கத்தியதில்லை. நான் ஒன்பது வருஷம் கத்தியிருக்கிறேன்.

நான் டப்பிங் பேசுகிறவள். டிவி தொடரில் நடிப்பவர்கள் வாயை அசைப்பார்கள். அந்த அசைவுக்குப் பொருத்தமாக ஒரு மூடிய அறையில், மைக் முன்னால் நின்றுகொண்டு நாங்கள் பேசுவோம். தினமும் மாலையில் ஓடிய ஒரு குடும்பத் தொடரில் அவள் மூத்த மருமகள். இளைய மருமகளைப் படியிலிருந்து தள்ளிவிட்டது, பாலில் மருந்து கலந்தது, மாமனாரின் கையெழுத்தைப் போட்டது எல்லாம் அவள் முகம். "இந்த வீட்டுல நான் வச்சதுதான் சட்டம்" என்று சொன்னது என் குரல். ஊரே அவளை மூத்தவள் என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிடுகிறேன். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே மறந்திருக்கும்.

என் மாமியார் அந்தத் தொடரை ஒரு நாள்கூடத் தவறவிட மாட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பேன். "நாக்கா அது? அதுல கொள்ளியை வைக்க!" என்று டிவியைப் பார்த்துக் கையை ஓங்குவார்.

"அத்தை, அது என் நாக்கு" என்பேன்.

"தெரியும், தெரியும். அதுக்காக அவ பண்றது சரியாயிடுமா?"

பேர் அவளுக்கு, பெரிய சம்பளம் அவளுக்கு, வீட்டில் உட்கார வைத்து வசவு எனக்கு.

அவளுக்குச் சொந்தக் குரல் இல்லாமல் இல்லை. இருந்தது. கரகரவென்று, பாதி வார்த்தையில் காற்று இறங்கிப்போகும் ஒரு குரல். சின்ன வயதில் அவள் டிவி நிலையத்துக்குப் போனதே செய்தி வாசிக்கத்தானாம். ஒரு வாக்கியம் படித்தவுடன், "தொண்டை சரியானதும் வாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். தொண்டை சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவள் தொண்டை. லிஃப்டில் இறங்கும்போது கூடவே நின்ற தொடர் இயக்குநர் ஒருவர் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, "முறைக்க வருமா?" என்று கேட்டாராம். அப்போது அவளுக்கு இருந்த ஆத்திரத்தில் முறைப்பு பிரமாதமாக வந்திருக்கும்.

செட்டில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுப்பார், இவர்கள் திருப்பிச் சொல்வார்கள். வசனமே வந்து சேராத நாட்களும் உண்டு. அன்றைக்கு நடிகர்கள் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டே அழுவார்கள், எண்ணிக்கொண்டே சபிப்பார்கள். பிறகு வசனம் வந்ததும் நாங்கள் ஏற்றிவிடுவோம். மூத்தவள் மட்டும் எண்ண மாட்டாள். காலையில் பேப்பரில் படித்த செய்தியைச் சொல்வாள். "குடிநீர்க் குழாய் உடைந்து மூன்று தெருக்களில் மக்கள் அவதி" என்று பல்லைக் கடித்து, கண்ணை உருட்டி, இளைய மருமகளின் முகத்துக்கு நேராக விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் ஹெட்போனில் அந்தக் குழாய் உடைப்பைக் கேட்டுக்கொண்டே, "உன்னை நடுத்தெருவுல நிக்க வைக்கலைன்னா பாருடி" என்று அதன்மேல் பேச வேண்டும். எங்கே நீளம் பொருந்தும்? என் உயிர் போகும். அவளோ ஷாட் முடிந்ததும் மேக்கப்பைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். டப்பிங் அறைப் பக்கம் அவள் எட்டிப் பார்த்ததே கிடையாது. நடிகர்கள் யாருமே பார்ப்பதில்லை. தங்கள் வாயிலிருந்து என்ன வந்தது என்பதையே அவர்கள் மாலையில் டிவியில்தான் தெரிந்துகொள்வார்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும் முகத்தை அசைக்காமல் வைத்திருப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. தொடர்களில் அதை மூன்று பக்கமிருந்து காட்டுவார்கள், பின்னால் இடி இடிக்கும். இடி முடியும்வரை கண் இமைக்காமல் அப்படியே நிற்பாள். எதிரில் நடிக்கும் பெண்களே கண்ணைத் திருப்பிக்கொள்வார்களாம்.

ஒரு நாள் காலை தயாரிப்பாளரிடம் போய், "நான் செய்திக்குப் போறேன் சார்" என்றாள். அவர் சிரித்தாராம். அவள் சிரிக்கவில்லை. வேறு வழியில்லாமல் சமையலறையில் சிலிண்டரை வெடிக்க வைத்து மூத்தவளைக் கொன்றார்கள். அந்தக் கடைசி அலறலும் என்னுடையதுதான். அவளோடு என் வேலையும் செத்தது. "அக்கா, நான் கிளம்புறேன், நீங்க வேற வேலை பார்த்துக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதன் பிறகு கொஞ்ச காலம் நான் ஒரு பொம்மைப் படத்தில் வாத்துக்குப் பேசிப் பிழைத்தேன். வாத்தும் எனக்கு நன்றி சொல்லவில்லை என்றாலும், அது வேலையை விட்டு ஓடவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தது ஒரு செய்தி சேனல். முதல் நாள் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பேருந்து நிலையத்தில் நின்று வாயைத் திறந்தாள். என் மாமியார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இது அவ இல்ல. அவளை மாதிரியே இருக்கிற வேற எவளோ."

ஊரும் அதையேதான் சொன்னது. ஜலதோஷம் பிடித்த மூத்தவள் என்றார்கள். அவள் செய்தி சொல்லும் காட்சியில் என் பழைய வசனத்தை ஒட்டி, போனுக்குப் போன் அனுப்பினார்கள். மழை நிலவரம் சொல்ல வாயைத் திறப்பாள், "உன் குடும்பத்தைக் கூண்டோட அழிக்கிறேன் பார்" என்று என் குரல் வரும். எனக்கே வந்தது. சிரித்தேன். வயிறு குளிர்ந்தது என்றுகூடச் சொல்வேன்.

தெருவில் அவள் பட்ட பாடு வேறு. மருந்துக் கடை வாசலில் வரிசையில் நின்றவர்களிடம் மைக்கை நீட்டினால், "அந்தச் சின்னப் பொண்ணைப் படியில தள்ளினவதானே நீ, உன்கிட்ட எதுக்கு நான் பேசணும்?" என்று திரும்பிக்கொள்வார்கள். அலுவலகத்தில் இன்னும் மோசம். அங்கே எடிட்டர் என்று ஒருவர் இருந்தார். செய்திப் பிரிவு முழுக்க அவர் கையில். அவள் உள்ளே வரும்போதெல்லாம் மேசையைத் தட்டி இடி மாதிரி ஓசை எழுப்புவார், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நடிகர் வீட்டுக் கல்யாணம், நடிகையின் நாய்க்குட்டி, இதுதான் அவளுக்குக் கொடுத்த செய்தி. ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நாய்க்குட்டிகளைப் பேட்டி எடுத்தாள். சும்மா சொல்லக் கூடாது, அழுத்தக்காரி.

அப்புறம்தான் அந்தத் தையல் கம்பெனி விஷயம். மூன்றாவது மாடியில் மின்கசிவு, புகை. வேலை நேரத்தில் பெண்கள் எழுந்து வெளியே போகக் கூடாதென்று கதவை வெளியிலிருந்து பூட்டி வைப்பது அங்கே வழக்கம். சாவி வந்து சேருவதற்குள் கதவருகே மிதிபட்டு ஒரு பெண் செத்துப்போனாள். நூல் வெட்டும் வேலை பார்த்த சின்னப் பெண். அவளுடைய அக்காவும் அதே மாடியில்தான் வேலை பார்த்தாள், சட்டைகளுக்குக் காஜா, அதாவது பொத்தான் துளை, எடுக்கிற மெஷினில். காஜா அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

விசாரிக்க வந்த அரசு அதிகாரியிடம், கதவு திறந்தே இருந்தது என்று கம்பெனி சொன்னது. உள்ளே இருந்த பெண்கள் வாயைத் திறக்கவில்லை, வேலை போய்விடுமே. நிருபர்கள் எல்லோரும் காஜா அக்கா வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினார்கள். மூத்தவளும் போனாள், யாரும் அனுப்பாமல். "அக்கா, ஒரு நிமிஷம் பேசணும்" என்று வெளியிலிருந்து சொல்லியிருக்கிறாள். பஞ்சுத் தூசி தின்று கரகரத்துப்போன தொண்டை அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் உண்டு. கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி என்று நினைத்துக் காஜா அக்கா கதவைத் திறந்துவிட்டாள்.

அந்தப் பேட்டியை நான் பார்த்தேன், வெட்டாமல், முழுசாக. எப்படி என்று கேளுங்கள்.

எடிட்டர் என்னைக் கூப்பிட்டனுப்பியிருந்தார். "மூத்தவளுக்கு மறுபடி நீங்கதான் பேசணும். அந்தத் தகர டப்பாக் குரலை வச்சுக்கிட்டு யாரும்மா சேனல் நடத்துறது? ஜனங்க உங்க குரலைத்தான் கேக்குறாங்க" என்றார். செய்திக்கு டப்பிங் என்று யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நானும் கேள்விப்படவில்லை. ஆனால் காதில் தேன் பாய்ந்தது. அவளிடமும் கேட்டிருக்கிறார். டப்பிங் இல்லையென்றால் ஒளிபரப்பு இல்லை என்றாராம். அவளும் தலையாட்டிவிட்டாள். ஒன்பது வருஷப் பழக்கம், குரல்தானே என்று நினைத்திருப்பாள். எடுத்த காட்சியைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல வீட்டுக்குப் போய்விட்டாள். வேறு எந்த நிருபராவது இப்படிச் செய்வாளா? ஒரு வரியை மாற்றினாலே எடிட்டரோடு கட்டிப் புரளுவார்கள். இவள் தன் வாயையே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மைக் முன்னால் நின்றேன், எடிட்டர் பக்கத்திலேயே நின்றார். திரையில் காஜா அக்காவின் முகம், இந்தப் பக்கம் மூத்தவளின் முதுகு. ஹெட்போனில் அவளுடைய அசல் குரல் ஓடியது.

"விசாரணைக்கு வந்தவங்ககிட்ட என்ன சொல்லச் சொல்லி மேனேஜர் உங்களை மிரட்டினார்?"

காஜா அக்கா முதலில் பேசவில்லை. மூத்தவளும் அசையவில்லை, இடிக்குக் காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள்.

"கதவு திறந்துதான் இருந்துச்சு. நாங்கதான் பதறிப்போய் ஒருத்தி மேல ஒருத்தி விழுந்தோம்."

இப்படிச் சொல்லச் சொல்லித்தான் மிரட்டினார்கள் என்பது பதில். என் கையில் கொடுத்த தாளில் கேள்வி வேறு மாதிரி இருந்தது. "அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

வாய் தெரியாத காட்சி, எதைப் பேசினாலும் பொருந்தும். அந்தத் தையல் கம்பெனியின் சட்டை விளம்பரம் அந்தச் சேனலில் நாள் பூராவும் ஓடும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் இப்போது புரிந்திருக்கும். கொடுத்ததைப் பேசுவது என் தொழில். பாலில் மருந்து கலக்கும் வசனத்தைக் கொடுத்தபோது போலீசுக்கா போனேன்? பேசினேன். ஒரே டேக்கில் முடித்துவிட்டு வந்தேன்.

அன்று மாலையே ஒளிபரப்பானது. "அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று கணீரென்று என் குரல் கேட்கிறது. கதவு திறந்துதான் இருந்தது என்று செத்தவளின் சொந்த அக்கா அழுகிறாள். ஊர் நம்பிவிட்டது. மேனேஜர் அந்தக் காட்சியை விசாரணை அதிகாரிக்கே போட்டுக் காட்டினார். காஜா அக்கா குடியிருந்த இடத்தில் ஒருத்தர்கூட அவளோடு பேசவில்லை. "தங்கச்சி சாவை வித்துத் தின்னுட்டா" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை என்று அவள் கத்தினாள். டிவியில் வாய் அவளுடையது, குரலும் அவளுடையது, யார் நம்புவார்கள்?

மூத்தவள் எடிட்டரின் அறைக்குள் போய், அசல் பதிவைக் கொடுக்கச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறாள். அழித்தாகிவிட்டது என்றார். "நான் கேட்ட கேள்வி அது இல்லை" என்று அவள் சொன்னதற்கு, "நீங்க என்னைக்கும்மா சொந்தமாப் பேசியிருக்கீங்க?" என்று கேட்டாராம். வேலையை அங்கேயே விட்டெறிந்துவிட்டு, தன் போனில் தானே பேசி இணையத்தில் போட்டாள். நடிகைதானே, நடிக்கிறாள் என்று கீழே எழுதினார்கள்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. என் மாமியார்தான் கதவைத் திறந்தார்.

"சிலிண்டர் வெடிச்சு நீ சாகலையா?" என்றார்.

"இல்லம்மா. அக்கா இருக்காங்களா?"

அந்தக் கரகரப்பைப் பக்கத்தில் கேட்டதும் அத்தை வழி விட்டுவிட்டார். அவள் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. போனை எடுத்து மேசைமேல் நிறுத்தி வைத்தாள்.

"பதிவு பண்றேன். பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு யார் சொன்னா? நீங்க பாட்டுக்கு வேலையை விட்டுட்டுப் போனீங்க, என் பிழைப்புல மண்ணு விழுந்துச்சு. ஒரு போன் பண்ணீங்களா? இப்ப உங்க காரியத்துக்கு அக்கா வேணும், இல்ல?"

"பண்ணலை. தப்புதான்" என்றாள். அதற்குமேல் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. பிறகு கேட்டாள்.

"ஹெட்போன்ல நான் கேட்ட கேள்வி உங்களுக்குக் கேட்டுச்சா?"

கேட்டுவிட்டு முகத்தை அப்படியே வைத்துக்கொண்டாள். திரையில் ஆயிரம் தடவை பார்த்த முகம்தான். அதற்கு எதிரில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஃபேன் ஓடியது. அத்தை கதவில் சாய்ந்து நின்று என்னையே பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது, எழுந்து போய்விடலாமென்று பார்த்தேன்.

"கேட்டுச்சு" என்றேன். பிறகு எல்லாமே வந்துவிட்டது. அவள் கேட்ட கேள்வி, தாளில் இருந்த கேள்வி, எடிட்டர் பக்கத்திலேயே நின்றது, எல்லாம். நடுவில் அழுகைகூட வந்தது. தொழிலுக்கு அழும்போது எவ்வளவு அழுதாலும் வார்த்தை தெளிவாக இருக்கும். அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தையும் உருப்படியாக வரவில்லை, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

முடிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. "முகத்தை மறைச்சிடுங்க. குரலையும் மாத்திடுங்க. இல்லைன்னா எனக்கு இனிமே எவனும் வேலை கொடுக்க மாட்டான்."

"முகத்தை மறைச்சிடறேன் அக்கா. குரலை மாத்தினா அதைச் சொன்னது யாருன்னு எப்படி நம்புவாங்க? உங்க குரல்தான் சாட்சி."

"என் சோறு அது."

"தெரியும். வேண்டாம்னு சொன்னா அழிச்சிடறேன். நீங்களே சொல்லுங்க."

சண்டாளி. கெஞ்சியிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். காலில் விழுந்திருந்தால் எட்டி உதைத்திருப்பேன். முடிவை என் மடியில் போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அத்தைதான் பொறுக்க முடியாமல் கத்தினார்.

"அந்தப் பொண்ணு தங்கச்சியையும் பறிகொடுத்துட்டு, ஊர் வாயிலயும் விழுந்து கிடக்கா. நீ என்னடி யோசிக்கிற?"

போடுங்கள் என்றேன்.

போட்டாள். எல்லா வீட்டிலும் தெரிந்த குரலாயிற்றே, முதல் வரியிலேயே ஊருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அன்றைக்கே காஜா அக்காவின் வாசலுக்கு ஆட்கள் வந்தார்களாம், அதே வாயோடு ஆறுதல் சொல்ல. எனக்கு அதற்குப் பிறகு வேலைக்கு ஒரு அழைப்பும் வரவில்லை. வாத்துக்குக்கூட வேறு ஆளை வைத்துவிட்டார்கள்.

விசாரணை அதிகாரி என்னை அழைத்தார். போனேன். ஒரு நீள மேசை, ஓட்டை ஃபேன், ஒரு பக்கம் மேனேஜரும் கம்பெனி வக்கீலும். எதிர்ப் பக்கத்தில் காஜா அக்கா. பின்னால் நிருபர்களோடு மூத்தவள். நடந்ததைச் சொன்னேன். வக்கீல் எழுந்தார்.

"ஐயா, இந்தம்மா தொழிலே அடுத்தவங்க எழுதிக் கொடுத்ததைப் பேசறதுதான். காசு கொடுத்தா நல்லவளாவும் பேசுவாங்க, கெட்டவளாவும் பேசுவாங்க. இன்னைக்கு யார் எழுதிக் கொடுத்ததைப் பேசறாங்கன்னு நாம எப்படி நம்பறது?"

சிலர் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருக்கலாம், இளைய மருமகளிடம் எத்தனை கேட்டிருக்கிறேன்! ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் பின் வரிசையிலிருந்து தையல் கம்பெனிப் பெண் ஒருத்தி எழுந்து, "கதவு பூட்டியிருந்துச்சு சார், நான் உள்ளதான் இருந்தேன்" என்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி எழுந்தாள். அப்புறம் அதிகாரி ஒவ்வொருத்தராகப் பேசச் சொல்ல வேண்டியதாயிற்று. கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தது என்று அறிக்கை வந்தது. மேனேஜரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எடிட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் இன்னொரு சேனலில் இதைவிடப் பெரிய நாற்காலியில் இருக்கிறார்.

ஆனால் நான் சொல்ல வந்தது விசாரணை நடந்த அந்த நாளைப் பற்றி. அன்று மாலை மூத்தவள் அந்தக் கரகரத்த குரலில், தன் போனிலேயே செய்தி சொல்லி இணையத்தில் போட்டாள். அத்தையும் நானும் பார்த்தோம். காஜா அக்காவைப் பற்றிச் சொன்னாள், எழுந்து நின்ற பெண்களைப் பற்றிச் சொன்னாள். என்னையும் சொன்னாள். கூடவே, வக்கீல் என்னைப் பற்றிக் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். எழுதிக் கொடுத்ததைப் பேசுகிறவள், காசு கொடுத்தால் எப்படியும் பேசுவாள். அதற்கு நான் பதில் எதுவும் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள். எனக்குப் பரிந்து ஒரு சொல்லாவது சேர்க்க வேண்டுமே, அதுதான் இல்லை.

உடனே போனைப் போட்டேன். "ஏம்மா, உனக்காக நான் வேலையை இழந்தேன். நீ ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்குற. அந்த ஆள் சொன்னதையெல்லாம் போடணுமா?"

"சொன்னாரா, இல்லையா அக்கா?"

வாயில் வந்த வசவையெல்லாம் வரிசையாகத் திட்டித் தீர்த்தேன். ஒன்பது வருஷம் அவள் வாய்க்குக் கொடுத்ததையெல்லாம் அவள் காதுக்கே திருப்பிக் கொடுத்தேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் மறுபடி அதையே கேட்டாள்.

"சொன்னார்" என்றேன்.